குழந்தைகள் காப்பகத்தை மூடி மிச்சம் பிடித்த பணம் யாருடையது?

யமுனைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

சென்ற வாரம் வேறொரு இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருந்தார்: "எல்லாக் கட்சிகளும் பெண்களுக்குத்தான் அள்ளிக் கொடுக்கின்றன. இன்னும் என்ன குறை?" அங்கே பதில் எழுதினால் பேச்சு திசைமாறும் என்பதால் தனியாகத் தொடங்குகிறேன். நான் இங்கே தில்லியில் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறவள். கொஞ்சம் வகுப்பறை வாடை வீசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு செலவைக் குறைப்பதால் செய்ய வேண்டிய வேலை குறைந்துவிடுவதில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டியாக வேண்டும், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் போட்டாக வேண்டும், தண்ணீர் பிடித்தாக வேண்டும். அரசு செய்துவந்த பங்கு நின்றால் அதை யாராவது எடுத்துக்கொள்கிறார்கள். அநேகமாக அது அந்த வீட்டுப் பெண். கூலி கிடையாது என்பதால் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பட்ஜெட்டில் சேமிப்பு என்று ஒரு தொகை மட்டும் நிற்கும்.

1980களில் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் கடனோடு சேர்த்துக் கொடுத்த, அரசுச் செலவைச் சுருக்கச் சொன்ன சீரமைப்புத் திட்டங்களை ஆராய்ந்த டயான் எல்சன் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கண்டது இதைத்தான். பெண்களின் கூலியற்ற உழைப்பு எவ்வளவு இழுத்தாலும் நீளும் என்று யாரும் எழுதிவைக்காத ஓர் அனுமானம் அந்தத் திட்டங்களுக்கு அடியில் இருந்தது என்றார்.

நம் நாட்டில் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்க அரசாங்கமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடங்கள். இதில் பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிக்கும் நேரம் சேரவில்லை, அது தனி. 2019-இல் இதே ஆய்வு சொன்னது 299, 97. ஐந்து ஆண்டுகளில் இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைந்ததே தவிர இடைவெளி அசையவில்லை.

இப்போது குழந்தைகள் காப்பகங்களுக்கு வருகிறேன். வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்களின் குழந்தைகளுக்கென்று மத்திய அரசின் கிரெஷ் திட்டம் ஒன்று ராஜீவ் காந்தி பெயரில் இருந்தது. 2015 வாக்கில் நாடெங்கும் 23,000-க்கும் மேற்பட்ட காப்பகங்கள். 2017-இல் செலவுப் பங்கீட்டை மாற்றினார்கள். அதுவரை 90 விழுக்காட்டை ஏற்றுவந்த மத்திய அரசு 60-க்கு இறங்கியது; மாநிலம் 30, நடத்துகிற தொண்டு நிறுவனம் 10. 2020 மார்ச்சில் இயங்கிக்கொண்டிருந்தவை 6,500-க்கும் கீழே. எந்த அமைச்சரும் மேடை ஏறி "காப்பகங்களை மூடுகிறோம்" என்று அறிவிக்கவில்லை. பங்கீட்டு விகிதம் ஒன்று மாறியது, அவ்வளவுதான்.

பெண்களுக்குப் பணம் கொடுக்கிறார்கள், சரி. எதை எடுத்துக்கொண்டு கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கரோல்பாக் கணக்கு

அம்மா, தணிக்கைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

முதலாவது, அரசு செலவைச் சுருக்கும் சிக்கனக் கொள்கை என்பதே இந்தியாவில் இல்லை. 2003-இல் நிதிப் பொறுப்புச் சட்டம் கொண்டுவந்து, பற்றாக்குறையை உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் வைப்போம் என்றார்கள். 2020-21-இல் அது 9 விழுக்காட்டைத் தாண்டியது. 2025-26-க்கு வைத்த இலக்கே 4.4. கயிறு இறுகிய நாடு இப்படியா இருக்கும்? கிரீஸையும் பிரிட்டனையும் பார்த்து எழுதப்பட்ட ஆய்வுகளை எடுத்து இங்கே ஒட்டவைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

இரண்டாவது, பிரிட்டன் என்றதும் எல்லோரும் ஓர் எண்ணைத் தூக்கிக் காட்டுவார்கள். 2010-க்குப் பின் செய்த வரி, உதவித்தொகை மாற்றங்களால் அரசுக்கு மிச்சமானதில் 86 விழுக்காடு பெண்களிடமிருந்து வந்தது என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தின் பகுப்பாய்வு 2017-இல் சொன்னது. குழந்தைகளுக்கான உதவித்தொகை பெரும்பாலும் அம்மாவின் பெயரில் வருகிறது. அதைக் குறைத்தால் இழப்பு முழுவதும் அவருக்கே என்று எழுதிக்கொள்வது எப்படிச் சரி? பணம் வீட்டுக்குத்தானே வந்தது? வீட்டில் நாலு பேர் சாப்பிட்டார்கள்.

மூன்றாவது, கடன் வாங்கி நடத்தும் காப்பகத்துக்கு வட்டி கட்டப் போவது அந்தக் காப்பகத்தில் வளர்ந்த குழந்தைதான். அது பெண் குழந்தையாகவும் இருக்கலாம்.

திருவல்லிக்கேணி டு திலக் நகர்

நாலு பேர் சாப்பிட்டார்கள், சரி. சமைத்தது யார், சார்?

யமுனைக்கரை

கரோல்பாக் ஐயாவின் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. ஒரு குடும்பத்துக்குள் பணம் சமமாகக் கரைகிறது என்று வைத்துக்கொண்டால் அவர் சொல்வது சரி. பெண்ணியப் பொருளாதாரம் தொடங்குகிற இடமே அந்த அனுமானத்தைச் சந்தேகிப்பதுதான். பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் குடும்பத்துக்குள் நடக்கும் பேரத்தைப் பற்றி எழுதியதெல்லாம் இதையொட்டித்தான்: யார் பெயரில் நிலம், யார் கையில் வருமானம் என்பதைப் பொறுத்து வீட்டுக்குள் யார் பேச்சு எடுபடும் என்பது மாறுகிறது. அம்மா கைக்கு வந்த தொகை நின்றால் அந்த வீட்டில் அவர் பேரம் பேசும் வலுவும் சேர்ந்து போகிறது. அப்பாவிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலை வருகிறது. 86 என்ற எண் துல்லியமா என்று வாதாடலாம். சுமை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் வாதத்துக்கு இடம் குறைவு.

கிரீஸ் பேச்சை நீங்களே எடுத்ததால் ஒன்று. 2013-இல் சிக்கன நடவடிக்கையாக அந்நாட்டு நிதியமைச்சகத்தின் துப்புரவுப் பணியாளர்கள் 595 பேரை வெளியேற்றினார்கள். அநேகமாக எல்லோரும் பெண்கள். அந்த வேலையைத் தனியார் ஒப்பந்ததாரர்களிடம் விட்டார்கள். சிவப்பு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு ஏதென்ஸில் அமைச்சகத்தின் வாசலிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள் அந்தப் பெண்கள். 2015-இல் ஆட்சி மாறியபின் திரும்ப வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். அமைச்சகத்தின் தரை இடையில் ஒருநாளும் பெருக்கப்படாமல் இல்லை. குறைந்த கூலிக்கு வேறு பெண்கள் பெருக்கினார்கள்.

இந்தியாவில் சிக்கனமே இல்லை என்பதற்குப் பதில் நீளம். இரவு எழுதுகிறேன்.

சரோஜினி நகர் குடியிருப்பு

நான் மத்திய அரசு ஊழியர். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வளாகத்தில் ஒரு காப்பகம் இருந்தது. கூடுதலாக ஓர் ஆயா வேண்டும் என்று கோப்பு போனது. நிதி இல்லை என்று திரும்பியது. இருந்த ஆயாவும் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆள் இல்லாததால் பெற்றோர்கள் குழந்தைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். பின்னர் "குழந்தைகளின் வருகை போதவில்லை" என்று காரணம் எழுதி அறையைப் பூட்டினார்கள். இப்போது அங்கே பழைய கோப்புகள் அடுக்கியிருக்கின்றன.

என் கணவரும் மத்திய அரசு ஊழியர்தான். என்னைவிடக் குறைந்த சம்பளம். ஆனாலும் குழந்தை பராமரிப்பு விடுப்பு என் பெயரில்தான் எடுக்கப்பட்டது. அந்த விடுப்பு பெண் ஊழியருக்கும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆணுக்கும்தான் உண்டு. மனைவியோடு வாழும் அப்பாவுக்கு இல்லை. விடுப்பு முடிந்து திரும்பியபோது என் மேசையில் இருந்த பொறுப்பு வேறொருவரிடம் இருந்தது.

கரோல்பாக் சார், இதை எந்தத் தலைப்பின் கீழ் தணிக்கை செய்வீர்கள்?

கரோல்பாக் கணக்கு

வருகை போதவில்லை என்று எழுதிய கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால், ஆயா பணியிடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது என்று முதலில் கேட்டிருப்பேன். அதைக் கேட்காமல் மூட அனுமதித்தவர் ஒழுங்காக வேலை செய்யவில்லை. அது நிர்வாகக் கோளாறு. பொருளாதாரக் கொள்கை என்று சொல்ல மாட்டேன்.

யமுனைக்கரை

இங்கேதான் எனக்கும் ஐயாவுக்கும் வழி பிரிகிறது. இதே கோளாறு நாடெங்கும், ஒரே திசையில், ஒரே வகைச் செலவில் நிகழ்ந்தால் அதைக் கோளாறு என்று விட்டுவிட முடியாது.

வரிசையாகப் பாருங்கள். அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய அரசு தரும் மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆனது; உதவியாளருக்கு 2,250. அதன்பின் அரிசி, எரிவாயு, வாடகை எல்லாம் ஏறின. இந்தத் தொகை பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. விலைவாசி ஏற, தொகையை அசைக்காமல் விட்டால் ஆண்டுதோறும் குறைத்ததாகத்தான் பொருள். அறிவிக்க வேண்டியதில்லை, பேரவையில் விவாதிக்க வேண்டியதில்லை, எதிர்ப்பும் எழாது. சிக்கனத்தின் இந்திய வடிவம் இதுதான்.

மகப்பேறு உதவி இன்னொன்று. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்று எழுத்தில் வைத்தது. 2017-இல் வந்த மத்தியத் திட்டம் 5,000 கொடுத்தது, அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும். பிற்பாடு இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் அதற்கும் உண்டு என்றார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே இல்லை. தமிழ்நாட்டில் முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் உள்ள திட்டம் 18,000 தருகிறது என்பதை இங்கே என் மாணவிகளிடம் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள்.

மொத்தப் பற்றாக்குறை 9 விழுக்காடா 4 விழுக்காடா என்பது எனக்கு இரண்டாம்பட்சம், ஐயா. அரசு மொத்தமாகத் தாராளமாக இருந்துகொண்டே, நெடுஞ்சாலைக்கும் நிறுவனங்களின் வரிச் சலுகைக்கும் கையைத் திறந்துவிட்டு, ஆயாவின் சம்பளத்தில் மட்டும் கையை இறுக்கலாம். 2019-இல் பெருநிறுவன வரியை 30-லிருந்து 22 விழுக்காட்டுக்கு இறக்கியபோது கருவூலம் விட்டுக்கொடுத்தது ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி என்று அரசே சொன்னது. காப்பகத்துக்கு 200 கோடி கேட்டால்தான் நிதிப் பொறுப்பு நினைவுக்கு வருகிறது.

இளஞ்சிவப்பு டிக்கெட்

அக்கா, இலவசப் பேருந்தைப் பற்றியும் எழுதுங்கள். எனக்கு அதில் நேரடி அனுபவம் உண்டு. காஸியாபாத்தில் குடியிருந்துகொண்டு தில்லியில் வேலைக்கு வருகிறேன். 2019 அக்டோபரில் தில்லிப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் தொடங்கியபோது யார் எந்த ஊர் என்று எவரும் கேட்கவில்லை; ஏறினால் இளஞ்சிவப்புச் சீட்டு. பின்னர் 2025-இல், தில்லி முகவரி உள்ளவர்களுக்கு மட்டும் அட்டை என்று அறிவித்தார்கள். தில்லி அலுவலகங்களையும் வீடுகளையும் துடைத்துப் பெருக்கும் பெண்களில் எத்தனை பேருக்குத் தில்லி முகவரியில் ஆதார் இருக்கிறது? வாடகை கட்டுப்படியாகாமல்தானே எல்லைக்கு அப்பால் போய் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பைக் உண்டு. அம்மாவுக்கும் எனக்கும் பேருந்துதான். பேருந்து குறைந்தால் அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

மயிலாப்பூர் மாடிவீடு, மயூர் விஹார்

எல்லாவற்றையும் பெண்கள் மேல் ஏற்றிச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பேருந்து குறைந்தால் ஏழை ஆண்களும்தான் நடக்கிறார்கள். மேலும் பெண்களின் வேலைப் பங்கேற்பு ஏறிக்கொண்டே போகிறது. 2017-18-இல் 23.3 விழுக்காடு, 2023-24-இல் 41.7. அரசின் தொழிலாளர் ஆய்வு இது. காப்பகங்கள் குறைந்த அதே ஆண்டுகளில் இது ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கிறது. உங்கள் கோட்பாட்டின்படி குறைந்திருக்க வேண்டுமே?

யமுனைக்கரை

நல்ல அடி. ஆனால் உள்ளே என்ன ஏறியிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஏற்றத்தின் பெரும்பகுதி கிராமப்புறத்தில், சுயதொழில் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. அதிலும் பெரிய பங்கு குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுகிறவர்கள்: கணவரின் மாட்டைக் கவனிக்கிறவர், மாமனாரின் பெட்டிக்கடையில் உட்காருகிறவர். மாதச் சம்பளக்காரப் பெண்களின் விகிதம் இதே காலத்தில் இறங்கியிருக்கிறது. வாசல்படியைத் தாண்டாமல், பிள்ளையையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை எதுவோ அதுதான் கூடியிருக்கிறது. காப்பகம் இல்லாத ஊரில் வேறு எது கூடும்?

எதை உழைப்பு என்று எண்ணுகிறோம் என்பதும் இதில் இருக்கிறது. நியூசிலாந்தில் இருபத்து மூன்று வயதில் நாடாளுமன்றத்துக்குப் போன மேரிலின் வேரிங், அரசுக் கணக்குக் குழுவில் உட்கார்ந்தபோது ஐ.நா. வகுத்த தேசியக் கணக்கு விதிகளைப் படித்துவிட்டு, பெண்களின் கூலியற்ற வீட்டு உழைப்பு அதில் ஏறுவதில்லை என்பதை உலகுக்கே எடுத்துச் சொன்னார். இன்றைய விதிகளின்படி ஒரு பெண் குழாயடியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வந்தால் அது உற்பத்தி. அதே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கஞ்சி காய்ச்சினால் உற்பத்தி இல்லை. இதை வகுத்தவர்கள் கஞ்சி காய்ச்சியவர்களாக இருக்க முடியாது.

திருவல்லிக்கேணி டு திலக் நகர்

நம் நீதிமன்றம் இந்த விஷயத்தில் ஐ.நா.வை முந்திவிட்டது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு நினைவிருக்கிறதா? கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்த மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. மனைவி அந்த வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் அவர் போய்ச் சம்பாதித்திருக்க முடியாது என்பது நீதிபதியின் வாதம். இந்த இழையில் இதுவரை பேசியதைவிட எளிதாக இருக்கிறது.

ஜங்புரா பக்கம்

இவ்வளவு பேசியும் யாரும் மதராசி கேம்ப்பைச் சொல்லவில்லை. ஜங்புராவில் நம் தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி என்பதால் சொல்கிறேன்.

பாராபுல்லா வடிகாலை அடைக்கிறது என்று உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் முதல் தேதி இடித்தார்கள். சுமார் 370 வீடுகள். 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்று முடிவானது. அந்த வீடுகள் எங்கே? நரேலாவில். வரைபடத்தில் தில்லியின் தென்கிழக்கிலிருந்து வடக்கு முனைவரை விரலை நகர்த்திப் பாருங்கள். அங்கே இருந்த பெண்களில் பலர் ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலை செய்தவர்கள். காலையில் ஒரு வீடு, பத்து மணிக்கு ஒரு வீடு, நடுவில் தன் வீட்டுக்கு ஓடிவந்து பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு, மாலையில் மூன்றாவது வீடு. இந்த ஏற்பாடு முழுவதும் நடந்து போகிற தூரத்தில் கட்டப்பட்டது. நரேலாவிலிருந்து மூன்று வீடு பார்க்க முடியாது. ஒன்று பார்ப்பதே கடினம்.

எங்கள் அடுக்ககத்தில் வேலை செய்த அம்மா போனபின் இரண்டு மாதம் வந்துபோனார், பிறகு நிறுத்திவிட்டார். பேத்தியைப் பார்த்துக்கொள்ள அங்கே அக்கம்பக்கத்தில் ஒருவரையும் தெரியாது என்றார். இங்கே எதிர்வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வருவாராம். அந்த அக்காவும் ஒரு காப்பகம்தானே. அதையும் சேர்த்துத்தான் இடித்தார்கள்.

மயிலாப்பூர் மாடிவீடு, மயூர் விஹார்

வருத்தமான செய்திதான். ஆனால் அது நீதிமன்ற உத்தரவு, வெள்ளப் பிரச்சினை. சிக்கனத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஜங்புரா பக்கம்

ஊருக்கு நடுவில் நிலம் விலை கூடுதல், ஓரத்தில் குறைவு. ஓரத்தில் வீடு கொடுத்ததில் அரசுக்கு மிச்சம். மிச்சமான தொகையை அந்தப் பெண்கள் தினமும் பேருந்தில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த பொருளாதாரம் இவ்வளவுதான்.

நெறியாளர்

இடிப்பு வழக்கின் சட்ட நியாயங்களுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தலைப்போடு தொடர்புள்ளதை மட்டும் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

இளஞ்சிவப்பு டிக்கெட்

பணம் கொடுக்கும் திட்டங்களைப் பற்றி யமுனைக்கரை அக்கா இன்னும் பேசவில்லையே. கொடுப்பது தவறா? என் அம்மாவுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வந்தால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

யமுனைக்கரை

நானும் சொல்ல மாட்டேன். கேட்டு வாங்க வேண்டிய நிலையில் இருக்கும் பெண்ணின் கையில் கேட்காமல் வரும் பணம் பெரிய விஷயம்.

எனக்கு உள்ள குறை வேறு. தில்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 2025-26 பட்ஜெட் மொத்தம் ஒரு லட்சம் கோடி. அதில் மாதம் 2,500 ரூபாய்த் திட்டத்துக்கு 5,100 கோடி ஒதுக்கினார்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 30,000. வகுத்துப் பார்த்தால் 17 லட்சம் பேருக்குத்தான் வரும். தில்லியில் பெண் வாக்காளர்களே 70 லட்சத்துக்கும் மேல். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சலிக்க வேண்டியிருக்கும். சலிக்கும் வேலை எந்நேரமும் தொடரும். மும்பையில் என்ன நடந்தது என்று தாராவியில் இருக்கும் உறவினர்களைக் கேளுங்கள்: 2024 தேர்தலுக்கு முன், பெண்களுக்கு மாதாமாதம் பணம் தரும் மகாராஷ்டிர அரசின் லாட்கி பஹீண் திட்டத்தில் 1,500 ரூபாய் மளமளவென்று எல்லோர் கணக்கிலும் ஏறியது. தேர்தல் முடிந்து அடுத்த ஆண்டு சுமார் 26 லட்சம் பேருக்குத் தகுதி ஐயம் என்று நிறுத்திவைத்தார்கள். பணத்தை ஒரு கணினிப் பட்டியலில் நிறுத்திவிடலாம். பூட்டிய அங்கன்வாடி தெருவில் போகிற எல்லோர் கண்ணிலும் படும்.

மேலும் அந்த 2,500 ரூபாயைக் கொண்டுபோய் நம்பகமான காப்பகத்தை விலைக்கு வாங்க முடியுமா? லஜ்பத் நகரில் விலை கேட்டுப் பாருங்கள். சேவை இல்லாத இடத்தில் பணம் கொடுத்தால், அது அந்தப் பெண் வீட்டிலேயே இருப்பதற்குக் கொடுக்கும் சிறு ஈடாகத்தான் முடியும்.

நம் ஊர் வரலாறு இதில் கொஞ்சம் பாடம் சொல்கிறது. 1997-இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சலித்தபோது தமிழ்நாடு எல்லா அட்டைக்கும் அரிசி என்பதை விடவில்லை. 1982-இல் விரிவாக்கிய சத்துணவுத் திட்டம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது மட்டுமல்லாமல் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, அதிலும் கைம்பெண்களுக்கு, அரசு வேலையும் கொடுத்தது. மதியச் சமையல் ஒரு வேளை பள்ளிக்கூடத்துக்கு மாறியதால் எத்தனை லட்சம் அம்மாக்கள் கழனிக்குப் போக முடிந்தது என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

கரோல்பாக் கணக்கு

தமிழ்நாட்டைப் புகழ்வதற்கு முன் 2003-ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் வேலைநிறுத்தம், சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம். வருமானம் கூடியவர்களைச் சலுகை விலை அரிசியிலிருந்து விலக்க எச் முத்திரை குத்திய ரேஷன் அட்டை. அதுவும் நிதி நெருக்கடியின் பெயரால்தான் நடந்தது.

யமுனைக்கரை

மறக்கவில்லை. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு நாற்பது தொகுதிகளும் போனபின் அவற்றில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றார்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லோருக்கும் உரிய சேவையில் கைவைத்தால் எல்லோரும் கேட்கிறார்கள்.

கேட்டால் இங்கே என்ன ஆனது என்பதும் பதிவாக வேண்டும். 2022 ஜனவரி கடைசியில் தில்லி அங்கன்வாடிப் பெண்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, 38 நாள் முதலமைச்சர் இல்லத்தின் பக்கம் உட்கார்ந்தார்கள். மதிப்பூதியத்தை மாநிலம் 12,720 ஆக்கியது. மார்ச் மாதம் அத்தியாவசியப் பணிகள் சட்டத்தைப் போட்டு வேலைநிறுத்தத்தைத் தடை செய்தார்கள். 880-க்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கினார்கள். சம்பளம் கேட்கும்போது அவர்கள் தொண்டர்கள். வேலையை நிறுத்தினால் அத்தியாவசியப் பணியாளர்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம், குஜராத் வழக்கு ஒன்றில், அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொன்னது.

சரோஜினி நகர் குடியிருப்பு

கட்டடத் தொழிலாளர்களை விட்டுவிட்டீர்கள். எங்கள் குடியிருப்பையே இடித்துத் திரும்பக் கட்டுகிறார்கள். மணல் குவியலின்மேல் குழந்தைகள் நாள் முழுவதும். 2025 வரை நடப்பில் இருந்த 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. அதனால் ஒப்பந்ததாரர்கள் நாற்பத்தெட்டு பெண்களை வைத்துக்கொண்டதாக என் தோழி சொல்வாள். வேடிக்கைக்குச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. இதே தில்லியில்தான் 1969-இல் காந்தி நூற்றாண்டுக் கட்டுமானத் தளத்தில் குழந்தைகள் கிடந்ததைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரம் போட்டு மொபைல் கிரெஷஸ் அமைப்பைத் தொடங்கினார்.

கரோல்பாக் கணக்கு

இதில் பணம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு செஸ் என்ற கூடுதல் வரி வசூலாகிறது, அது தொழிலாளர் நலனுக்கு மட்டுமே. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கோடி செலவழிக்காமல் கிடந்ததற்கு உச்ச நீதிமன்றமே சாட்டை எடுத்தது. கடன் இல்லை, பற்றாக்குறை இல்லை. வசூலித்து வைத்த பணம். இதற்கும் நிதிப் பொறுப்புச் சட்டத்துக்கும் தொடர்பே கிடையாது. இந்த இடத்தில் யமுனைக்கரை அம்மாவின் வாதம் என் வாதத்தைவிட வலுவாக நிற்கிறது. மற்றவற்றில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

பெண்களுக்கான பட்ஜெட் அறிக்கையைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2005-06-லிருந்து மத்திய பட்ஜெட்டோடு வருகிறது. 2025-26-இல் 4.49 லட்சம் கோடி, மொத்தச் செலவில் 8.86 விழுக்காடு என்றார்கள். அதன் முதல் பகுதியில், முழுக்க முழுக்கப் பெண்களுக்கான செலவு என்ற தலைப்பின் கீழ், கிராமப்புற வீட்டு வசதித் திட்டம் மொத்தமாக உட்கார்ந்திருக்கும். வீட்டில் ஆண்கள் குடியிருக்க மாட்டார்களா? இப்படி ஒரு வகைப்படுத்தலை என் கீழ் வேலை பார்த்த இளநிலை அலுவலர் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இளஞ்சிவப்பு டிக்கெட்

ஐயா கட்சி மாறிக்கொண்டிருக்கிறார்!

கரோல்பாக் கணக்கு

கட்சி மாறவில்லை அம்மா. தப்பான கணக்கு யார் போட்டாலும் தப்புதான்.

சரோஜினி நகர் குடியிருப்பு

தில்லியில் இப்போது இயங்கும் அரசுக் காப்பகங்கள் எத்தனை, எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று நினைக்கிறேன். யமுனைக்கரை அக்காவும் சேர்ந்துகொள்கிறேன் என்று தனிச்செய்தியில் சொல்லியிருக்கிறார். "ஏன் மூடினீர்கள்" என்று தொடங்கி ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். சார் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா?

கரோல்பாக் கணக்கு

"ஏன்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் தரக் கடமையில்லை என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். அவர்களிடம் இருக்கும் ஆவணத்தை மட்டுமே கேளுங்கள். 2017 ஏப்ரல் முதல் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 அன்று இயங்கிய காப்பகங்களின் பட்டியல், முகவரியோடு. ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம், நிரப்பப்பட்ட பணியிடம், தேதியோடு. மூடியவற்றுக்கு, மூட ஒப்புதல் தந்த கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல். செஸ் நிதியிலிருந்து காப்பகங்களுக்கு விடுவித்த தொகை, ஆண்டுவாரியாக. செலவழிக்காமல் திரும்பிய தொகை தனியாக. பெண்கள் நலத் துறைக்கு ஒரு மனு, தொழிலாளர் துறைக்கு வேறு மனு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்கான வரைவை நான் இப்போதே எழுதி வைக்கிறேன், தேவைப்படும்.

யமுனைக்கரை

பணியிடம் காலியாக இருந்த மாதங்களையும், குழந்தைகளின் வருகைப் பதிவேட்டையும் ஒரே காலத்துக்குச் சேர்த்துக் கேளுங்கள், ஐயா. எது முதலில் குறைந்தது என்று தெரிய வேண்டும்.

கரோல்பாக் கணக்கு

சேர்த்துவிட்டேன். இரண்டாவது கேள்விக்குக் கீழே, உட்பிரிவு இ.